ஐஸ் பெட்டியில் மண்ணில்லாப் பயிர்: பெட்டி தண்ணீரைக் குளிர்விக்காது

கேள்வி இதுதான்: பயன்படாமல் கிடக்கும் ஐஸ் பெட்டியை ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியாக மாற்றலாமா? சாதாரண பிளாஸ்டிக் டப்பாவைவிட அதில் என்ன லாபம்? என்னென்ன பொருள் வேண்டும், எங்கே தவறு நடக்கும்?

தாராளமாக மாற்றலாம். வீட்டில் ஒருவர் தானே செய்யக்கூடிய தொட்டிகளில் இதைவிட நல்லது குறைவு. ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் பெட்டி என்பதால் அது தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்துவிடும் என்று நம்பித் தொடங்கினால் ஏமாற்றம்தான். அந்தச் சுவருக்கு வெப்பத்தை உள்ளே விடாத குணம் எவ்வளவு உண்டோ, உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை வெளியே விடாத குணமும் அவ்வளவே உண்டு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எந்தப் பம்ப், எப்படிப்பட்ட மூடி, எங்கே வைப்பது என்ற மற்ற முடிவுகள் தாமாகவே வந்துவிடும்.

தண்ணீரின் வெப்பத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? வேர் மூச்சுவிடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகக் குறைகிறது. அதே நேரத்தில் வேருக்கும் நுண்ணுயிர்களுக்கும் வேண்டிய ஆக்சிஜனோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இடத்தில்தான் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி நுழைகிறது. இலைப் பயிர்களுக்குக் கரைசல் 18 முதல் 22 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 24 வரை சமாளிக்கலாம். 26-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லெட்யூஸ் என்ற சாலட் கீரையின் வேர் பழுப்பாவதை எதிர்பார்க்கலாம்.

இனி பெட்டியின் கணக்கு. உட்புறம் 55 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 ஆழம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 50 லிட்டர். சுவரில் 3 சென்டிமீட்டர் ஃபோம் இருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது பெட்டி முழுவதும் சேர்ந்து கடத்தும் வெப்பம் சுமார் 1.2 வாட். 40 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 167 கிலோஜூல் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் வெளி வெப்பத்தை எட்டிப்பிடிக்க ஒரு நாளுக்கு மேலாகிறது. அதனால் மதிய உச்சமும் விடியற்காலைத் தாழ்வும் தண்ணீருக்குத் தெரிவதில்லை. அது அன்றைய சராசரியில் போய் நிற்கும். பகல் 36, இரவு 24 என்றால் சாதாரண டப்பாவில் மதியம் தண்ணீர் 33, 34 வரை ஏறும். ஐஸ் பெட்டியில் 30-ஐ ஒட்டியே இருக்கும். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் 22 அல்ல. மீதி 8 டிகிரியை நீங்கள்தான் இறக்க வேண்டும். அதற்கான வழி பின்னால் வருகிறது.

இந்தக் கணக்கிலிருந்து உடனே கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டாரை இந்தப் பெட்டியில் போடக் கூடாது. 20 வாட் மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். ஒரு நாளில் அது 1,700 கிலோஜூலுக்கு மேல். வெளியேற வழியே இல்லையென்றால் 40 லிட்டரை 10 டிகிரி சூடாக்கப் போதும். மெல்லிய டப்பாவில் இந்த வெப்பம் எளிதாகக் கசிந்து போய்விடும். ஐஸ் பெட்டியில் தங்கிவிடும். பெட்டியைத் தொட்டியாக வைத்துக் குழாய்களுக்குக் கரைசலைச் சுற்றவிடும் அமைப்புகள் பல தோற்பது இங்கேதான். மோட்டார் ஒரு பக்கம் சூடாக்க, வெயிலில் கிடக்கும் குழாய்கள் இன்னொரு பக்கம் சூடாக்க, நல்ல சுவர் அதையெல்லாம் பத்திரமாகச் சேமித்து வைக்கிறது. ஆகவே பெட்டியே தொட்டி, பெட்டியின் மூடியே பாத்தி, வெளியே வைத்த காற்றுப் பம்ப் மட்டும் என்ற ஆழ்நீர் முறைதான் இதற்குப் பொருத்தம். கீழே சொல்வது அந்த அமைப்புக்கு.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். சுவரும் அடிப்பாகமும் ஃபோம் அடைத்தவையா? விரலால் தட்டினால் தெரியும். ஃபோம் இருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும், வெற்றாக இருந்தால் டப்பா போல ஒலிக்கும். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் சுவரில் ஃபோம் இருக்கும், மூடி மட்டும் உள்ளே வெற்றாக இருக்கும். அது பரவாயில்லை, மூடியை எப்படியும் மாற்றப் போகிறோம். இரண்டாவது, வடிகால் அடைப்பான் உள்ள பெட்டியா? இருந்தால் பாதி வேலை மிச்சம். மூன்றாவது, வெளிச்சம் ஊடுருவுகிறதா? இருட்டறையில் பெட்டிக்குள் டார்ச்சை ஏற்றி வைத்து வெளியிலிருந்து பாருங்கள். சுவர் எங்காவது மினுங்கினால் உள்ளே பாசி பிடிக்கும். ஃபோம் அடைத்த பெட்டிகள் பெரும்பாலும் தேறிவிடும். மீன், மருந்து அனுப்பும் வெறும் தெர்மாகோல் பெட்டி தேறாது. அது வெளிச்சத்தையும் விடும், நாளடைவில் மணிகளுக்கிடையே கசியவும் செய்யும். அதையே பயன்படுத்த வேண்டுமானால் உள்ளே 200 மைக்ரான் கறுப்புப் பாலித்தீன் விரிப்பை ஒரே துண்டாக, மூலைகளை வெட்டாமல் மடித்துப் போடுங்கள். வெளிப்புறத்தை வெள்ளையாகவே விடுங்கள்.

மூடியில்தான் அதிக யோசனை தேவை. பெட்டியோடு வந்த மூடியில் துளை போடுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. செய்யலாம், ஆனால் மூன்று தொல்லைகள். துளையின் விளிம்பில் ஃபோம் வெளியே தெரியும். அது ஈரம் உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும், அலுமினிய டேப்பால் சுற்றி மூட வேண்டும். மூடி பெரும்பாலும் 4 சென்டிமீட்டர் தடிமன் இருப்பதால் செடியைத் தாங்கும் சிறிய வலைக்கிண்ணமான நெட் பாட் அதற்குள்ளேயே புதைந்துவிடும். தவறாகத் துளைத்தால் பெட்டியே வீண். அதைவிட மூடியைக் கீலோடு கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, எக்ஸ்.பி.எஸ். என்ற இறுகிய ஃபோம் பலகையில் புது மூடி வெட்டிக்கொள்வது மேல். மணிமணியாக உதிரும் தெர்மாகோல் அல்ல. கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்குப் போடும், வெட்டினால் வழவழப்பாக நிற்கும் பலகை. அது தண்ணீரை உறிஞ்சாது, கத்தியால் வெட்டலாம், பயிரை மாற்றும்போது வேறு இடைவெளியில் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

பலகையின் தடிமனும் நெட் பாட்டின் உயரமும் பொருந்த வேண்டும். இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் மிக அதிகம். 5 சென்டிமீட்டர் உயர நெட் பாட்டை 5 சென்டிமீட்டர் பலகையில் வைத்தால் அதன் அடி பலகையோடு சமமாக நிற்கும். தண்ணீர் அதைத் தொடவே தொடாது, நாற்று இரண்டே நாளில் வாடும். 2.5 சென்டிமீட்டர் பலகைக்கு 5 சென்டிமீட்டர் பாட். 5 சென்டிமீட்டர் பலகைக்கு 8 சென்டிமீட்டர் உயரப் பாட். வெயில் கடுமையான இடத்தில் இரண்டாவதே நல்லது. மேற்கொண்டு வரும் அளவுகள் முதல் ஜோடிக்கு.

பலகையைப் பெட்டியின் வெளி விளிம்பு அளவுக்கு வெட்டுங்கள். துளையின் அளவைப் பாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உதட்டுக்குச் சற்றுக் கீழே அளந்து, அந்த விட்டத்துக்கு வெட்டினால் பாட் இறுக்கமாக உட்காரும், உதடு மேலே தாங்கும். முதலில் ஒரு வீண்துண்டில் வெட்டிப் பாருங்கள். டிரில்லில் மாட்டும் ஹோல் சா இருந்தால் மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் ஃபோம் உருகித் துளை கோணும். விளிம்பு கூராக இருக்கும் தகர டப்பாவை அழுத்தித் திருகினாலும் சுத்தமாக வெட்டும்.

இந்த அளவுப் பெட்டியில் 3-க்கு 2 என்று ஆறு துளைகள் 18 சென்டிமீட்டர் நீள இடைவெளியில் அமையும். ஆறையும் செடிக்குக் கொடுக்காதீர்கள். ஐந்து செடி போதும். ஆறாவது இடத்தில் 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு வாசல் வெட்டி, வெட்டிய துண்டையே அடைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க, உரம் ஊற்ற, தண்ணீர் சேர்க்க, ஐஸ் பாட்டில் இறக்க எல்லாம் அந்த வழி. வாசல் இல்லாத அமைப்பில் ஒவ்வொரு தடவையும் செடிகளோடு மூடியைத் தூக்க வேண்டியிருக்கும். வேர் ஒன்றோடொன்று பின்னிய பிறகு அப்படித் தூக்கினால் வேர் அறுபடும். நாளடைவில் சலித்துப் போய் அளப்பதையே நிறுத்திவிடுவீர்கள். வாசலுக்குக் கீழே, அடிவரை, பிளாஸ்டிக் வலையைக் குழாய்போலச் சுருட்டி நிறுத்தினால் பாட்டிலோ மீட்டரோ வேரில் படாது.

பலகையின் மேல்பக்கம் வண்ணமாக இருந்தால் வெள்ளைத் தாளோ பளபளப்பான அலுமினியத் தாளோ ஒட்டுங்கள். ஸ்ப்ரே பெயின்ட்டும், கரைப்பான் கலந்த பசையும் இந்த ஃபோமைக் கரைத்துத் தின்றுவிடும். தண்ணீர் அடிப்படையிலான பெயின்ட்டும் டேப்பும் பாதுகாப்பு. பலகை விளிம்பில் உட்காரும் இடத்தில் கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டையை ஒரு சுற்று ஒட்டினால் வெளிச்சமும் கொசுவும் உள்ளே போகாது. கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். காற்றுக்குழாய் நுழையும் துளையின் ஓரத்தில் மிஞ்சும் இடுக்கு வழியாகக்கூட உள்ளே போய் முட்டையிடும்.

பெட்டியின் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, புதிதாக எதையும் துளைக்காதீர்கள். இது இரண்டடுக்குச் சுவர். உள்ளடுக்கைத் துளைத்தால் தண்ணீர் நடுவிலுள்ள ஃபோமுக்குள் கசிந்து அங்கேயே தங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, நாற்றம் மட்டும் வரும். சிலிகான் பூசி அடைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பெட்டிகளின் உட்புறம் பெரும்பாலும் பாலிஎதிலீன். அதில் சிலிகான் பிடிக்காது, சில வாரங்களில் தோல்போல உரிந்து வரும். வடிகாலுக்கு ஏற்கெனவே உள்ள துளையையே பயன்படுத்துங்கள். அங்கே இரண்டு அடுக்குகளையும் இணைக்கும் குழல் இருக்கும். அடைப்பானைக் கழற்றி, சுவரின் முழுத் தடிமனையும் தாண்டும் நீள மரை உள்ள டேங்க் நிப்பிளை (தொட்டிச் சுவரில் குழாய் பொருத்தும் இணைப்பு) இருபுறமும் ரப்பர் வாஷரோடு மாட்டி, வெளியே ஒரு வால்வு வைத்தால் முடிந்தது. சாதாரண டேங்க் நிப்பிளின் மரை 3, 4 சென்டிமீட்டர் சுவருக்கு எட்டாது, அளந்து வாங்குங்கள். சாவி போட்டு முறுக்கினால் ஃபோம் நசுங்கி உள்ளடுக்கு குழியும். கையால் இறுக்கிய பிறகு கால்வாசிச் சுற்று போதும். வடிகாலே இல்லாத பெட்டியா? குழாய் போட்டு உறிஞ்சி வடிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்துக் கசிவு பாருங்கள். அதற்கு முன்பே பெட்டியை அதன் நிரந்தர இடத்தில் வைத்துவிடுங்கள். நிரம்பிய பிறகு 50 கிலோவுக்கு மேல் இருக்கும், நகர்த்தினால் சுவர் வளையும். அடியில் அரை மீட்டர் உயரம் இருந்தால் வடிப்பது எளிது. சூடேறிய தரையின் வெப்பமும் தாக்காது.

காற்றுக்கு, மீன்தொட்டிப் பம்ப் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் காற்று தருவதாக, இரண்டு வாய் உள்ளதாக. 4 லிட்டர் கரைசலுக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. கீரைக்கு அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. ஒவ்வொரு வாயிலும், காற்றைச் சிறு குமிழிகளாக்கும் ஒரு காற்றுக் கல், பெட்டியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழேதான் இடம் என்றால் ஒவ்வொரு குழாயிலும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் மின்சாரம் போன நிமிடத்தில் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்ப்பை நனைக்கும், பெட்டியையும் காலியாக்கும். பிளக்குக்குப் போகும் ஒயர் பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலே ஏறட்டும். வழிந்து வரும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் உள்ள சுற்றிலிருந்துதான் இணைப்பு எடுக்க வேண்டும்.

காற்றுப் பம்ப்பும் சூட்டை உள்ளே கொண்டுபோகாதா என்று கேட்கலாம். கொண்டுபோகும், ஆனால் கொஞ்சம்தான். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று தண்ணீரைவிட 10 டிகிரி சூடாக இருந்தாலும் அது தருவது 2 வாட். காற்று வறண்டிருந்தால் குமிழியோடு ஆவியாகும் நீர் அதைவிட அதிக வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். ஈரப்பதம் மிக்க காற்றில் அந்த உதவி கிடைக்காது. எப்படியானாலும் பம்ப்பை நிழலில், பெட்டியின் குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய் வேண்டாம்.

சத்துக் கரைசலுக்கு, வீட்டு அளவில் எளிதும் நம்பகமும் ஆனது மூன்று பொடி முறை: தழை, மணி, சாம்பல் சத்துகள் 4-18-38 என்ற விகிதத்தில் நுண்சத்துகளோடு வரும் ஹைட்ரோபோனிக்ஸ் பொடி, கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு. இந்தப் பெட்டியைத் தொடக்கத்தில் பாட்டின் அடியைத் தொடும்வரை நிரப்பினால் 45 லிட்டர் பிடிக்கும். கீரை, லெட்யூஸ், பேசில் வளர்ந்த நிலைக்கு அந்த 45 லிட்டருக்கு 20 கிராம் பொடி, 10 கிராம் எப்சம், 20 கிராம் கால்சியம் நைட்ரேட். நாற்று வைத்த முதல் பத்து நாளுக்கு இதில் பாதி. முதலில் பொடியைக் கரையுங்கள், அடுத்து எப்சம், முழுதும் கரைந்த பிறகே, தனிக் குவளையில் கரைத்த கால்சியம் நைட்ரேட்டை ஊற்றிக் கலக்குங்கள். மூன்றையும் ஒரே குவளையில் கெட்டியாகக் கரைத்தால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். ஒருமுறை படிந்தது திரும்பக் கரையாது. அந்தச் சத்து செடிக்கு இல்லை. தராசு 1 கிராம் துல்லியமாவது காட்ட வேண்டும், கரண்டிக் கணக்கு வேண்டாம்.

கரைந்த உப்பின் அளவை மின்கடத்தலை வைத்துக் காட்டும் ஈ.சி. மீட்டரில், வெறும் தண்ணீரின் அளவைக் கழித்தது போக, இலைப் பயிருக்கு 0.8 முதல் 1.4 மில்லிசீமென்ஸ்/செ.மீ. வரை சரி. மிளகாய், தக்காளி காய்க்கும்போது 2-க்கு மேல் கேட்கும். ஆனால் இந்த அளவுப் பெட்டிக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தக்காளிச் செடியின் வேரே பெட்டியை நிறைத்துவிடும், கொடியின் பாரத்தை ஃபோம் மூடி தாங்காது. வைத்தே ஆக வேண்டுமானால் பெட்டிக்கு ஒன்று, தாங்குகோல் வெளியே தரையில்.

அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5 முதல் 6.5 வரை. உரம் கரைத்த பிறகுதான் சரிசெய்ய வேண்டும். முன்பே செய்தால் உரம் மறுபடி மாற்றிவிடும். குறைக்கப் பாஸ்பாரிக் அமிலம் நிலையாக நிற்கும். எலுமிச்சை உப்பு என்ற சிட்ரிக் அமிலமும் குறைக்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் அளவு பழைய இடத்துக்கே ஏறும். அமிலத்தை எப்போதும் தண்ணீரில் ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை அல்ல. உப்புக்கரை படியும் கடினத் தண்ணீராக இருந்தால் பி.எச். தினமும் மேலே ஏறிக்கொண்டேயிருக்கும். அதிலுள்ள பைகார்பனேட்தான் காரணம். மழைநீரோ வடிகட்டிய நீரோ பாதிக்குப் பாதி கலப்பது, அமிலத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டுவதைவிட நல்லது. குழாய்த் தண்ணீரின் குளோரின், காற்றுக் கல்லை ஒரு நாள் ஓடவிட்டால் போய்விடும். குளோரமைன் சேர்த்த தண்ணீரில் அது போகாது. சிறிது வைட்டமின் சி பொடி அதை முறிக்கும்.

நாற்று 2.5 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சிலோ ராக்வூல் என்ற கல்பஞ்சிலோ வளரட்டும். லெட்யூஸ் விதை சூட்டில் முளைக்காமல் உறங்கிவிடும். 20 டிகிரியை ஒட்டிய இடம் வேண்டும். இரண்டு உண்மை இலையும், அடியில் வெள்ளை வேரும் தெரியும்போது, 10 முதல் 14 நாளில், நெட் பாட்டுக்குள் வைத்துச் சுற்றிலும் கழுவிய களிமண் உருண்டைகளை நிரப்புங்கள். கழுவாத உருண்டையின் தூள் காற்றுக் கல்லை அடைக்கும். கோகோபீட்டைத் தவிர்ப்பது நல்லது. பாட்டின் கண் வழியே உதிர்ந்து கரைசலைக் கலங்கடிக்கும்.

தண்ணீர் மட்டம் முதல் வாரம் பாட்டின் அடியை அரை சென்டிமீட்டர் நனைக்க வேண்டும். வேர் 8, 10 சென்டிமீட்டர் தொங்கியதும் மட்டத்தைப் பாட்டுக்குக் கீழே 4 சென்டிமீட்டர் வரை இறங்க விட்டு, அங்கேயே நிறுத்துங்கள். இப்போது பெட்டியில் 38 லிட்டர் இருக்கும். காற்றில் தொங்கும் அந்த வேர்ப்பகுதி நேரடியாக மூச்சுவிடப் பழகும். பம்ப் நின்றால் அதுதான் செடியைச் சில மணி நேரம் காப்பாற்றும். மட்டத்தை எப்போதும் விளிம்புவரை வைத்திருப்பவர்களின் செடிதான் ஒரு மின்தடையில் துவண்டு விழுகிறது. ஒரு குச்சியில் கோடு போட்டு வாசலருகே வையுங்கள். இந்தப் பெட்டியில் 1 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் 1.65 லிட்டர்.

பம்ப்பே இல்லாமலும் இந்த இடைவெளியை வைத்து வளர்க்கலாம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கிய முறை அது: ஒருமுறை நிரப்பிவிட்டு, செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்க, வேர் காற்றில் நீள விட்டுவிடுவது. ஐந்து லெட்யூஸுக்கு 45 லிட்டர் தாராளம். கரைசல் 24 டிகிரிக்குள் நிற்கும் இடத்துக்கு அது அருமையான முறை. சூடான இடத்துக்குக் காற்றுப் பம்ப்போடு போவதே பாதுகாப்பு. பம்ப் இல்லாத பெட்டியில் பாதிவழியில் மறுபடி விளிம்புவரை நிரப்பினால் காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிச் செத்துப்போகும். இது மட்டும் நினைவிருக்கட்டும்.

அன்றாடக் கவனிப்பு மூன்று எண்கள்தான்: மட்டம், ஈ.சி., தண்ணீரின் வெப்பம். பி.எச். இரண்டு நாளுக்கு ஒருமுறை. மட்டம் இறங்கி ஈ.சி. ஏறினால் கரைசல் கெட்டி, வெறும் தண்ணீர் சேருங்கள். மட்டமும் ஈ.சி.யும் சேர்ந்து இறங்கினால் செடிக்குப் பசி, உரக்கரைசல் சேருங்கள். மட்டம் இறங்கி ஈ.சி. அப்படியே நின்றால் சரியான விகிதம் கிடைத்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். செடி விரும்பாத உப்புகள் தேங்குவதை ஈ.சி. மீட்டர் தனியே காட்டாது.

இப்போது அந்த 8 டிகிரிக்கு வருவோம். வெளிச் சராசரி 30, உள்ளே 22 வேண்டும் என்றால் சுவர் வழியாக உள்ளே வருவது சுமார் 10 வாட், ஒரு நாளைக்கு 830 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை உறையவைத்த பாட்டில், உருகி 22 டிகிரிக்கு வரும்வரை ஏறத்தாழ 425 கிலோஜூலை உறிஞ்சும். ஆக நாளுக்கு இரண்டு லிட்டர் ஐஸ். மூடித் துளைகள், வாசலைத் திறப்பது இவற்றைச் சேர்த்து மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாட்டிலை உறையவைக்க எந்த வீட்டுக் குளிர்ப்பெட்டியிலும் இடம் உண்டு. சாதாரண டப்பாவுக்கு இதைப்போலப் பல மடங்கு ஐஸ் தேவைப்படும், அந்த வேலையை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் தொடர மாட்டார்கள். ஐஸ் பெட்டியின் உண்மையான லாபம் இதுதான். குளிர்ச்சியை அது உண்டாக்காது, கொடுத்த குளிர்ச்சியை வீணாக்காது.

பாட்டிலில் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள், ஐஸ் விரியும். வெளிப்புறத்தைக் கழுவி, வாசல் வழியாக ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒரு பாட்டில் 40 லிட்டரைச் சுமார் இரண்டரை டிகிரி இறக்கும். அதற்கு மேல் ஒரே வீச்சில் இறக்காதீர்கள். காலை பத்து மணிவாக்கில் ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று. உதிரி ஐஸ் கட்டிகளைக் கொட்டினால் கரைசல் நீர்த்துவிடும்.

வெயில் நேராகப் படும் பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஆயிரம் வாட் வரை கொட்டும். இலை விரிந்து மூடியை மறைக்கும்வரை பெட்டியின் சுவருக்கு நிழல் துணி கட்டுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் பாலிஎதிலீன் நொறுங்கிப் போகும், அதன்மேல் பெயின்ட் ஒட்டாததால் நிழல்தான் அதைக் காக்கும். குளிர்காலப் பிரச்சினை இதைவிட மிக எளிது. சுவர் அவ்வளவு நன்றாகத் தடுப்பதால் 25 வாட் மீன்தொட்டி ஹீட்டர் ஒன்றே வெளியைவிடப் பல டிகிரி கூட்டி வைக்கும். மட்டம் இறங்கும்போது அது தண்ணீருக்கு வெளியே தலைகாட்டாத ஆழத்தில் பொருத்துங்கள். காற்றில் எரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

கோளாறுகளைப் பொறுத்தவரை, முதலில் வேரைப் பாருங்கள். தண்ணீர் இருந்தும் மதியம் இலை துவண்டால் பெரும்பாலும் வேர்தான் மூச்சுத்திணறுகிறது. வெளிர்நிற வேர் உரத்தின் நிறம் ஏறிப் பழுப்பாவது சகஜம். உறுதியாக இருந்தால் பயமில்லை. விரலில் வழுக்கி, உறை கழன்று, உள்ளே நூல்போல நரம்பு மட்டும் மிஞ்சினால், நாற்றமும் அடித்தால், அது அழுகல். அந்தச் செடியை எடுத்துவிடுங்கள், கரைசலைக் கொட்டுங்கள், பெட்டியையும் கல்லையும் குழாயையும் வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கழுவி நன்றாக அலசுங்கள். பிளீச்சும் பி.எச். குறைக்கும் அமிலமும் ஒன்றுசேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கழுவிவிட்டு வெப்பத்தைச் சரிசெய்யாமல் மறுபடி நட்டால் மறுபடி அழுகும்.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு எட்டவில்லை. உரத்தில் இல்லாததால் அல்ல, பெரும்பாலும் பி.எச். 6.5-ஐத் தாண்டிப் போயிருக்கும். உரம் சேர்க்காமல் அமிலத்தைச் சேருங்கள். பழைய இலையில் அதே தோற்றம் வந்தால் மக்னீசியம். லெட்யூஸின் உள்ளிலை விளிம்பு கருகினால் கால்சியம் அங்கே போய்ச் சேரவில்லை. கரைசலில் கூடுதலாகக் கொட்டிப் பயனில்லை. ஈ.சி.யைக் குறைத்து, இலைமேல் சிறு மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் அடுத்து வரும் இலை சுத்தமாக வரும். குமிழி குறைந்திருந்தால் பம்ப்பைச் சந்தேகிக்கும் முன் கல்லைப் பாருங்கள், உப்பு அடைத்திருக்கும். நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து அலசினால் திறந்துகொள்ளும். பெட்டியின் எடை காலியான பிறகும் கனமாகத் தோன்றினால், அல்லது தட்டும்போது களக் களக் என்று ஒலித்தால், சுவருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் குழலின் வாஷரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை மாற்றி, பெட்டியைச் சாய்த்து, வடிகால் துளை கீழே இருக்கும்படி ஒரு வாரம் காயவிடுங்கள். ஃபோம் ஊறிய சுவர் வெப்பத்தைத் தடுக்காது, அதனால் காயாமல் நிரப்பி அடுத்த பயிரை வைக்காதீர்கள்.